குற்றவாளி யார்?

எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 'எங்கள் வீட்டில்' என்றுதான் சொல்லலாமே ஒழிய, 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பாத்தியதை இல்லை. 2021-ஆம் வருஷம் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நாட்களில், ஆன்லைன் வகுப்புக்கு வேண்டும் என்று சொல்லி என் மகன் அதைக் கேட்டான். வகுப்புக்கு என்பது காரணம். உத்தேசம் வேறு என்பது எனக்கும் தெரியும், அவன் தாயாருக்கும் தெரியும். பாடம் கேட்க மூன்று காற்றாடிகளும், தனியாக ஒரு வீடியோ கார்டும், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியும் எதற்கு? ஆனால் பொங்கல் காசு, பிறந்த நாள் காசு என்று அவன் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தொகையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். குறைந்ததைப் போட்டேன். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்த வருஷம் வீடியோ கார்டு விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் பழைய ரகம் ஒன்றோடு திருப்தி அடைந்தான். கூடத்தில் போர்வையை விரித்து, பதினான்கு வயதுப் பையன் தன் கையாலேயே எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினான். கண்ணாடிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன.

"கொலு மாதிரி இருக்குடா" என்றாள் என் தாயார்.

பிறகு என் பழைய லாப்டாப் மூச்சை விட்டுவிட்டது. பகலில் கம்ப்யூட்டர் எனக்கு, இரவு எட்டு மணிக்கு மேல் அவனுக்கு என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். நான் தொடர்கதை எழுதுகிறவன். ஒரே நாற்காலியில் பகலெல்லாம் நான் ஜனங்களை அழவைக்க முயற்சி செய்வேன். இரவில் அவன் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.

எப்போதும் சுட்டுக்கொண்டிருப்பான் என்று சொன்னால் அநியாயம். மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் செங்கல் செங்கலாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். அவன் அதில் என் தாயார் பிறந்து வளர்ந்த கிராமத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். திருவாரூருக்கு அந்தண்டை உள்ள ஊர் அது; வீட்டை விற்று வெகு காலம் ஆயிற்று. என் தாயார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கிணத்தடி இன்னும் கொஞ்சம் வடக்கேடா", "குளத்துக்கு இந்தப் பக்கம் பதினோரு படி" என்று மேஸ்திரி வேலை பார்ப்பாள். இரண்டு வருஷமாக அந்தத் திருப்பணி நடந்தது. நான் இரண்டொரு தரம் எட்டிப் பார்த்து, "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அவ்வளவுதான் என் பங்கு.

2023 மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, "அப்பா, கம்ப்யூட்டர் சில சமயம் தானா நின்னுபோகுது" என்றான்.

"விளையாட்டைக் குறை. தானா நிக்காது" என்றேன். தகப்பன்மார்கள் யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில்களில் இது தலைசிறந்தது.

மே மாதம் பிறந்தது. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகல் தொடர்கதையின் பத்தொன்பதாவது அத்தியாயத்தில் இருந்தேன். கதாநாயகி தன் தமையனுக்கு எழுதும் கடிதம். மூன்று நாளாக வராமல் போக்குக் காட்டிய கடிதம் அன்றைக்கு வந்தது. இரண்டு பக்கம் ஓடிவிட்டது. கடைசி வாக்கியத்துக்கு விரலைத் தூக்கினேன். திரை முழுவதும் பளிச்சென்று நீலமாகிவிட்டது. அதில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்ட ஒரு பொம்மை அடையாளம். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு தொல்லை வந்துவிட்டது, மறுபடி தொடங்கியாக வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே பொடி எழுத்தில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று போட்டிருந்தது. ஞாபகசக்தியை நிர்வாகம் செய்யத் தெரியவில்லை என்று என்னைத்தான் சொல்லுகிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். நான் எழுதுவது நோட்பேட் என்னும் ஏட்டில். தானாகச் சேமித்து வைக்கும் சாமர்த்தியம் எங்களிடம் இருந்த அந்த ஏட்டுக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் போயே போய்விட்டது.

இந்த நீலத் திரைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் அதை எழுதிவைத்தவர் ஜான் வெர்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். நீலத்தைத் தேர்ந்தெடுத்ததில் தத்துவம் ஒன்றும் இல்லை. அவர் வேலை செய்த யந்திரமும், அவர் நிரல் எழுதிய ஏடும் நீலத்தில் வெள்ளை எழுத்தாக இருந்தன. விபத்தும் அதே வர்ணத்தில் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார். 1998 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு பெரிய கூட்டத்தில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்டுவதற்காக ஒரு ஸ்கானரைச் செருக, திரை நீலமாகிவிட்டது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று கேட்ஸ் ஹாஸ்யமாகச் சொல்லிச் சமாளித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொங்கிய முகம் 2012-இல் வந்து சேர்ந்தது. 2025-இல் நீலத்தையும் முகத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டுத் திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். துக்கத்துக்கு அதுதான் பொருத்தம் போலும். ஆனால் பில் கேட்ஸுக்கே இந்தக் கதி என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால்கூட நான் சிரித்திருப்பேன் என்று தோன்றவில்லை. நான் எழுந்து நேராகப் பையனிடம் போனேன்.

"என்னடா பண்ணிவச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணலேப்பா."

"ராத்திரி என்ன புதுசா இறக்கினே?"

"எதுவும் இறக்கலே."

"அப்போ அது தானா நீலமாச்சா?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் அந்த மௌனத்தைப் படித்தேன். படித்தேன் என்றா சொல்கிறேன்? எழுதினேன் என்று சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனிடம் உள்ள கெட்ட பழக்கம் இது. எதிரே நிற்கிறவன் வாயைத் திறக்காவிட்டால், அவனுக்காக நாமே உள்ளுக்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவோம். விளையாடும்போது யந்திரம் நிற்கிறது, விளையாடுகிறவன் அவன், ஆகவே குற்றவாளி அவன். எந்தத் துப்பறியும் கதையிலும் இவ்வளவு சுலபமாக முடிச்சு அவிழ்ந்தது கிடையாது.

"அவன்தான் இல்லேன்னு சொல்றானே, கொஞ்சம் கேக்கக் கூடாதாங்க?" என்றாள் என் மனைவி.

"கேட்டேனே" என்றேன்.

அடுத்த பத்து நாட்கள் நான் செய்த வைத்தியத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். விஞ்ஞானத்தோடு எனக்கு உறவு அதற்கும் முன்பே விட்டுப்போயிற்று. தூசியால் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் உள்ளே துடைத்தேன். வீடியோ கார்டின் டிரைவரை மாற்றச் சொன்னார் இன்னொருவர், மாற்றினேன். மின்சாரம் ஏறி இறங்குவதால் என்றார் மூன்றாமவர். பிளக்கை வேறு அறைக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன். இரண்டு நாள் யந்திரம் ஒழுங்காக ஓடிற்று. எதனால் சரியாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மறுபடி நீலமானபோது எது போதவில்லை என்றும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் ஏ.ஸி. ஜிலுஜிலுவென்றிருந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்றார் கடைக்காரர். ஜுரக் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதும் உடம்பு குளிர்ந்துவிடுமே, அந்தக் கதைதான். வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதிதாக மாற்றினார். "விண்டோஸையும் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாமா? உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

என் கதைகளெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. "மற்றதெல்லாம் பையனோட விளையாட்டு. அழிச்சுடுங்க" என்றேன். சொல்லும்போது ஒரு திருப்திகூட இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டியதும் பையன் திரையைப் பார்த்தான். ஏதோ ஒரு ஃபோல்டரைத் தேடினான். அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்குமாம். வலிய உள்ளே போய்த் திறந்தால்தான் தெரியுமாம். அது இல்லை.

"ஊர் போயிடுச்சாடா?" என்று என் தாயார்தான் கேட்டாள்.

"பரவாயில்லே பாட்டி" என்றான்.

குளமும் பதினோரு படியும் கிணற்றடியும் அதில் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னுடைய இரண்டு பக்கத்துக்காக நான் வீட்டை இரண்டு பண்ணியிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு அவன் சொன்னது, 'பரவாயில்லே' என்ற ஒரு வார்த்தை.

அன்று இரவே திரை நீலமாயிற்று. அழித்த யந்திரத்தில் விளையாட்டு ஒன்றுகூட இல்லை.

கீழ் வீட்டில் தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிடையரான ஒருவர் இருக்கிறார். காலனியில் எல்லோரும் அவரை டெலிபோன் மாமா என்போம். மறுநாள் காலையில் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு சங்கதியை விசாரித்தார். கம்ப்யூட்டர் அவருக்குப் பழக்கம் இல்லை. ஆனால் பழுது பழக்கம்.

"விட்டு விட்டு வர பழுதுதான் சார் பொல்லாதது. அறுந்த லைனை அரை நாள்ல கண்டுபிடிச்சுடலாம். மழை பெஞ்சா மட்டும் கரகரங்கற லைன் இருக்கே, அது ஆளைக் கொன்னுடும். கம்ப்ளெய்ண்ட் வந்து நாங்க போறதுக்குள்ளே வெயில் அடிச்சு ஜாயிண்ட் காஞ்சுபோயிடும். லைன் நல்லா இருக்குன்னு எழுதிட்டு வந்துடுவோம். மறு மழைக்கு மறுபடி திட்டு வாங்குவோம்."

மேலே வந்தார். யந்திரத்தைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "எப்பலேர்ந்து இப்படி? அதுக்கு முன்னாலே புதுசா என்ன பண்ணினீங்க?"

"ஒன்றும் பண்ணவில்லை" என்றேன் நான், அடித்துச் சொல்கிற குரலில்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ சொல்லுப்பா. குறிச்சு கிறிச்சு வச்சிருக்கியா?"

அவன் உள்ளே போய் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், திரையில் வந்த குறி என்ன என்று வரிசையாக எழுதியிருந்தான். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'. மறுநாள் 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பிறகு 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. என்னுடைய பத்தொன்பதாவது அத்தியாயம் போன தினமும் அதில் இருந்தது: 'அப்பா எழுதும்போது. 3.40.' இருபத்துமூன்று பதிவுகள்.

மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சாட்சி ஒவ்வொரு தரமும் வேற வேற ஆளைக் கைகாட்டினா என்ன அர்த்தம்? சாட்சியையே சந்தேகப்படணும். எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கும். அது எதுன்னு இவனுக்குத் தெரியும்னு நினைக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நோட்டு என் கையில் இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். மேலே, முதல் பதிவுக்கும் முன்னால், ஒரே ஒரு வார்த்தை எழுதி அடித்திருந்தது. அடித்த கோட்டுக்குள் எழுத்துத் தெரிந்தது. 'ரேம்?'

முதல் பதிவின் தேதி பிப்ரவரி 26. அவனுடைய பிறந்த நாளுக்கு மறு வாரம்.

எனக்குச் சட்டென்று ரிச்சி தெரு ஞாபகம் வந்தது. அவன் பிறந்த நாளைக்கு ஆச்சரியமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் தனியே போயிருந்தேன். ரேம் என்று ஒரு குச்சி. யந்திரம் வேலை செய்கிறபோது கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளும் சரக்கெல்லாம் அதில்தான் இருக்கும். அவனிடம் எட்டு ஜி.பி. குச்சிகள் இரண்டு இருந்தன. இன்னும் இரண்டு போட்டால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னார். பெட்டி பிரித்த சரக்கு, விலை மலிவு என்று பேரம் பேசி வாங்கி வந்து, அவன் கையில் கொடுத்து, அவன் குதிப்பதைப் பார்த்து நானும் பூரித்துப் போயிருந்தேன். டெலிபோன் மாமாவிடம் 'ஒன்றும் பண்ணவில்லை' என்று நான் சொன்னபோது பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அது என் நினைவில் வரவில்லை. குற்றவாளிகளின் பட்டியலில் நம்முடைய அன்பளிப்பை யார் சேர்ப்பார்கள்?

"உனக்கு முதல்லேயே தெரியுமாடா?"

"சந்தேகம்தாம்பா. தெரியாது."

"ஏன் சொல்லலே?"

சற்று நேரம் சும்மா இருந்தான். "நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க" என்றான்.

அன்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். இந்தத் தரம் அவன் எஜமானன், நான் எடுபிடி. "ஒரு நேரத்திலே ஒண்ணைத்தாம்பா மாத்தணும். மாத்திட்டு வெயிட் பண்ணணும்" என்று முதலிலேயே எனக்கு எச்சரிக்கை செய்துவிட்டான். மெம்டெஸ்ட்86 என்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. அதைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே அதை எழுப்பிவிட வேண்டும். அது ரேமின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்றையும் பூஜ்யத்தையும் பலவிதமாக எழுதிவைத்து, எழுதியதைத் திரும்பக் கேட்கும். எழுதியது வேறு, கேட்டது வேறு என்றால் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். நான்கு குச்சிகளையும் வைத்து முதலில் ஓட்டினோம். நாற்பது நிமிஷத்தில் சிவப்பு வரி விழுந்தது. பையன் கைதட்டினான். நான் கைதட்டவில்லை.

குச்சிகளைக் கழற்றி, அடையாளத்துக்காகச் சிறு காகிதத் துண்டுகளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதி ஒட்டினோம். அ, ஆ இரண்டும் அவனுடைய பழைய குச்சிகள். இ, ஈ இரண்டும் நான் வாங்கியவை. ஒவ்வொன்றையும் தனியாக, ஒரே துளையில் வைத்து, நான்கு சுற்று ஓட்ட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அ தேறியது. ஆ ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றரை மணிக்குக் கரண்ட் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. மொட்டை மாடியில் போய் நின்றோம். காற்றே இல்லை. அவன் எனக்குப் பாடம் சொன்னான். அந்தக் குச்சியில் பிட் என்கிற ஒரு சின்ன சமாசாரத்துக்கு ஒரு சின்ன அறை. எட்டு ஜி.பி. என்றால் 6,871 கோடிக்கு மேல் அறைகள். ஒவ்வொன்றும் ஓட்டைக் குடம். துளி மின்சாரத்தை ஊற்றிவைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். காலியாவதற்குள் மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் அத்தனை குடங்களையும் யந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கிறதாம். ஏதாவது ஒரு குடத்தில் ஓட்டை சற்றுப் பெரிதாக இருந்துவிட்டால், ஊற்ற வருவதற்குள் அது காலி. ஒன்று என்று வைத்தது பூஜ்யம் ஆகிவிடும்.

"உஷ்ணம் ஏறினா கசிவும் ஜாஸ்தியாகும்பா. அதான் பிப்ரவரியிலே எப்பவாவது வந்தது, மே மாசத்திலே தினம் வருது."

கடையின் ஏ.ஸி.யில் ஜுரம் இறங்கிய மர்மமும் எனக்கு அப்போது விளங்கிவிட்டது. விளையாடும்போது நின்றதற்கும் அதுதான் காரணம். விளையாட்டுக்கு ஏகப்பட்ட குடங்கள் வேண்டும்; ஓட்டைக் குடம் கையில் அகப்படுகிற சந்தர்ப்பம் அதிகம். என்னுடைய கதைக்கு நாலே குடம் போதும். கதாநாயகியின் கடிதம் அன்றைக்குப் பலியானது என் துரதிருஷ்டம். ஆனால் அந்தத் துரதிருஷ்டம் நேராமலிருந்தால், அவன் சொன்னதை நான் இன்றுவரை நம்பியிருக்க மாட்டேன்.

குடம் கசிவது மட்டும் அல்ல, வேறு வம்பும் உண்டு என்று பிறகு நானே தேடிப் படித்தேன். 1978-இல் இன்டெல் கம்பெனியைச் சேர்ந்த திமதி மே, மர்ரே உட்ஸ் என்ற இருவர், நல்ல நிலையில் உள்ள சில்லுகளே எப்போதாவது ஒரு பிட்டை மறப்பது ஏன் என்று துருவிக்கொண்டு போனார்கள். சில்லை மூடிய உறையில் இம்மியளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து தெறித்த ஆல்பா துகள்கள் பூஜ்யத்தையும் ஒன்றையும் மாற்றிவிட்டன. உறையைத்தான் யாரும் சந்தேகப்படவில்லை. பத்திரமாக மூடிவைக்க வந்த பொருள் அல்லவா அது! இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் இரவும் விழித்தோம். இ தேறியது. ஈயை வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை; திரை சிவந்தது. ஒரே விலாசம், ஒரே பிட், திரும்பத் திரும்ப.

"இதுதான்" என்று எழுந்தேன்.

"இருங்கப்பா" என்றான். ஈயை வேறு துளையில் வைத்து ஓட்டினான். துளையின் மேல் வீண்பழி வரக் கூடாதாம். சிவப்பு. அ-வை அந்தத் துளையில் வைத்தான், சுத்தம். வேகத்தை 3200-லிருந்து 2133-க்குக் குறைத்து ஈக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தான். மறுபடியும் சிவப்பு. ஒரு குச்சிக்கு அவன் இத்தனை தடவை வாய்தா கொடுத்தான். நான் அவனுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

'ஈ' என்றால் தமிழில் 'கொடு' என்றும் ஒரு பொருள் இருக்கிறதே என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கினால் அசடு வழியும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் ரசீது கேட்டார்கள். மலிவாகக் கேட்டவனுக்கு ரசீது ஏது? மாற்றித் தரவில்லை. வேறு வாங்கலாம் என்றேன். பழைய இரண்டே போதும் என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு நீலத் திரை வரவில்லை. கதாநாயகியின் கடிதத்தை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். முதலில் எழுதியது இதைவிட நன்றாக இருந்தது என்று இன்னமும் நம்புகிறேன். சரிபார்க்க வழி இல்லை. வாசகர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஊர் திரும்பி வரவில்லை. அழித்ததை மீட்கலாம் என்று யாரோ சொல்ல, அவனே மூன்று நாள் முயன்று பார்த்தான். மேலே விண்டோஸ் எழுதிவிட்ட இடத்தில் ஒன்றும் தேறவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன்மார்கள் கேட்கிற விதமாகத்தான் கேட்டேன். அதாவது சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு. "சரிப்பா" என்றான். என் தாயார் இரண்டொரு தரம், "அந்தக் குளத்தையாவது மறுபடி கட்டேண்டா" என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு என்று ஒரு வருஷம் போயிற்று. பரீட்சை எல்லாம் முடிந்து 2024 ஏப்ரலில் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். திரையில் வெறும் மண்ணும் புல்லுமாகக் கிடந்த இடத்தில் ஒரு பள்ளம் தோண்டியிருந்தான். என் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "படி எத்தனை?" என்று கேட்டதற்கு, "உனக்கு இப்பத்தான் தெரியணுமா?" என்றாள்.

அந்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் டெலிவிஷனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிரல் கம்பெனி அனுப்பிய ஒரு திருத்தத்தில் பிழை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். விமான நிலையம், ஆஸ்பத்திரி, பாங்க் என்று எதைக் காட்டினாலும் நீலம், தொங்கிய முகம். நம் ஊர் விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக் கவுன்ஸலிங்குக்காகக் காத்துக்கொண்டிருந்த பையன் அறைக்குள் இருந்தான்.

"இங்கே வந்து பாருடா!" என்று கூப்பிட்டேன்.

அவன் வாசற்படியில் வந்து நின்று, திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் இல்லேப்பா" என்றான்.